பிராசஸர் சூடும் வோல்டேஜும்: கேள்வி பதில்

வீட்டில் அசெம்பிள் செய்த டெஸ்க்டாப் பற்றி வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன். ஒரு வேண்டுகோள். சூட்டு எண்ணை மட்டும் அனுப்பாதீர்கள். எந்த பிராசஸர், என்ன வேலை ஓடும்போது அளந்தது, அறை எவ்வளவு சூடாக இருந்தது, இந்த மூன்றும் இல்லாமல் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

மதுரை: ரைசன் 9 7950எக்ஸ். ரெண்டரிங் போட்டால் நேராக 95 டிகிரிக்குப் போய் அங்கேயே நிற்கிறது. கூலர் சரியில்லையா?

கூலர் நன்றாகவே இருக்கலாம். 2022இல் வந்த இந்த வரிசையை ஏஎம்டி அப்படித்தான் வடிவமைத்தது. 95 டிகிரியைத் தொடும்வரை வேகத்தை ஏற்றும், பிறகு அந்தச் சூட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும். அறை சூடாவது பிடிக்கவில்லை என்றால் பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) மின்சக்தியைக் குறைக்கும் ஈகோ மோடை, 105 வாட் என்ற பெயரில் உள்ள அமைப்பில் வையுங்கள். சாக்கெட்டுக்கு (போர்டில் பிராசஸர் உட்காரும் இடம்) போகும் மின்சக்தியின் உச்சம் 230 வாட்டிலிருந்து 142க்கு இறங்கும். ரெண்டரிங் நேரம் கொஞ்சம்தான் கூடும்.

திருநெல்வேலி: ஜனவரியில் இருந்ததைவிட இப்போது 10, 12 டிகிரி கூட. பிராசஸருக்கும் கூலருக்கும் நடுவில் தடவிய தெர்மல் பேஸ்ட் காய்ந்துவிட்டதா?

ஏசி இல்லாத அறை மே மாதத்தில் எவ்வளவு கூடியதோ, ஏறக்குறைய அதே அளவு பிராசஸரும் கூடும். அந்த வித்தியாசத்தைக் கழித்த பிறகும் அதிகமாக இருந்தால் முதலில் தூசியைப் பாருங்கள். கூலர் ஃபேனைக் கழற்றினால், ஹீட்சிங்க் தகடுகளின் வாயில் சாம்பல் நிறத்தில் துணிபோல ஒரு படலம் ஒட்டியிருக்கும். முன்பக்க ஃபில்டரைக் கழுவியவர்கள்கூட இதைத் தொடுவதில்லை. பிளோயரால் ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். கன்னாபின்னாவென்று சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். பேஸ்ட் கடைசியில்தான்.

சேலம்: புதுக் கூலர் மாட்டினேன். பயாஸ் திரையிலேயே 90ஐத் தாண்டுகிறது.

உடனே அணைத்துவிட்டுக் கூலரைக் கழற்றுங்கள். அடியில் பிளாஸ்டிக் தாள் உரிக்காமல் இருக்கும், அல்லது ஒரு பக்கத் திருகு சரியாக இறங்கியிருக்காது. ஏஎம்4 போர்டு (ரைசன் 5000 வரையிலான பிராசஸர்களுக்கானது, பின்கள் பிராசஸரின் அடியில் இருக்கும்) என்றால் நேராகப் பிடித்து இழுக்காதீர்கள். பேஸ்ட் இறுகியிருந்தால் பிராசஸரே சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். இடமும் வலமும் மெல்லத் திருகி, பிடி விட்ட பிறகு தூக்குங்கள்.

கோவை: ரைசன் 5 5600. அண்டர்வோல்ட் செய்தால், அதாவது வோல்டேஜைக் குறைத்தால், உண்மையில் பலன் உண்டா? எப்படிச் செய்வது?

உண்டு. வேகம் மாறாமல் இருந்தால், சிப் செலவழிக்கும் மின்சக்தி வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்கும். 1.25 வோல்ட்டை 1.15 ஆக்கினால் வோல்டேஜ் குறைந்தது 8 சதவீதம், சக்தி குறைவதோ கிட்டத்தட்ட 15 சதவீதம். காசு செலவில்லாமல் சூட்டைக் குறைக்க இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் வோல்டேஜை ஒரே எண்ணில் பூட்டாதீர்கள். பயாஸில் கர்வ் ஆப்டிமைசர் என்று இருக்கும், ஒவ்வொரு வேகத்திலும் சிப் கேட்கும் வோல்டேஜைக் கொஞ்சம் இறக்கும் அமைப்பு அது. எல்லா கோருக்கும் (பிராசஸருக்குள் தனித்தனியாகக் கணக்கிடும் பகுதிகள்) நெகட்டிவ் 10இல் தொடங்குங்கள். ஒவ்வொரு எண்ணும் சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். இரண்டு மூன்று நாள் வழக்கம்போலப் பயன்படுத்திவிட்டு 15, பிறகு 20 என்று போங்கள்.

பலரும் இடறுவது சோதனையில்தான். எல்லா கோர்களுக்கும் முழுச் சுமை தரும் சினிபெஞ்ச் சோதனை அரை மணி நேரம் ஓடியதும் வெற்றி என்கிறார்கள். முழுச் சுமையில் எல்லா கோர்களும் குறைந்த வேகத்தில்தான் ஓடும். கோளாறு வெளிப்படுவது ஒரே ஒரு கோர் உச்ச வேகத்துக்குத் தாவும்போது. அதனால் பிரௌசரில் எதையோ படித்துக்கொண்டிருக்கும்போது சட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். கோர்சைக்கிளர் என்ற இலவசக் கருவி ஒவ்வொரு கோராகச் சோதிக்கும், இரவு முழுக்க ஓடவிடுங்கள். காலையில் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ பிழை (வன்பொருள் கோளாறுப் பதிவு) இருந்தால், எந்த கோர் என்று பார்த்து அதற்கு மட்டும் பூஜ்யத்தை நோக்கி இரண்டு மூன்று எண் விட்டுக்கொடுங்கள்.

இன்னொன்று. சூடு, வோல்டேஜ் காட்டும் ஹெச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் சாதாரண கிளாக்கை (வேகத்தை) பார்த்து ஏமாறாதீர்கள், உண்மையில் கிடைக்கும் வேகமான எஃபெக்டிவ் கிளாக்கைப் பாருங்கள். வோல்டேஜ் போதாவிட்டால் சிப் தன் கிளாக்கின் ஒவ்வொரு துடிப்பையும் நீட்டிக்கொள்ளும். திரையில் எண் அப்படியே இருக்கும், வேலை மட்டும் மெதுவாகும்.

திருச்சி: ரைசன் 5000. சும்மா இருக்கும்போதே 1.45 வோல்ட் காட்டுகிறது. 1.2இல் பூட்டிவிடவா?

வேண்டாம். அது ஒரு கோர் நொடிப்பொழுது தாவும்போது வரும் வோல்டேஜ். மின்னோட்டம் அப்போது மிகக் குறைவு. பூட்டினால் அந்தத் தாவலை இழப்பீர்கள். அதே 1.45ஐப் பூட்டி முழுச் சுமை ஏற்றுவதுதான் சிப்பைக் கொல்லும்.

சென்னை: ஐ7 14700கே. கேம் திறந்தால் வீடியோ மெமரி போதவில்லை என்று மூடிக்கொள்கிறது. கிராபிக்ஸ் கார்டில் மெமரி தாராளமாக இருக்கிறது.

கார்டை விட்டுவிட்டு பிராசஸரைச் சந்தேகப்படுங்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறையில் பலருக்கும் வந்த அறிகுறி இது. தேவைக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக் கேட்டு, சிப் நிலையாக ஓட வேண்டிய குறைந்தபட்ச வோல்டேஜே மெல்ல உயர்ந்துவிடுகிறது. 2024 ஆகஸ்டில் வந்த 0எக்ஸ்129 மைக்ரோகோடு (பயாஸ் வழியாக வரும் பிராசஸரின் உள் மென்பொருள் திருத்தம்) 1.55 வோல்ட்டுக்கு மேல் கேட்பதைத் தடுத்தது. அடுத்த மாதம் 0எக்ஸ்12பி வந்தது. பயாஸ் புதுப்பித்தால் இனிமேல் கெடாமல் காக்கும், கெட்டது திரும்பாது. பெட்டியோடு வாங்கிய பாதிக்கப்பட்ட மாடல்களுக்கு இன்டெல் வாரண்டியை 5 ஆண்டாக நீட்டியது. பில்லோடு அவர்களிடமே கேளுங்கள். ட்ரே பிராசஸர் (பெட்டி இல்லாமல் தனியாக விற்பது) என்றால் விற்ற கடைக்காரரிடம் போக வேண்டும்.

ஈரோடு, மின் பொறியாளர்: வோல்டேஜையே குறை சொல்கிறீர்கள். 10 டிகிரி கூடினால் ஆயுள் பாதி என்பது பாலபாடம். சூடுதான் எதிரி.

ஐயா, அந்தப் பாதிக் கணக்கு எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டருக்குச் சொல்வது. பிராசஸர் சூட்டு எல்லையைத் தொட்டால் தானே வேகத்தைக் குறைக்கும், மீறினால் அணைந்துவிடும். நீங்கள் கையால் ஏற்றிய வோல்டேஜுக்கு அப்படியொரு காவல் கிடையாது.

அதே பொறியாளர்: அந்த 13, 14ஆம் தலைமுறைக் கோளாறுக்கு வோல்டேஜும் சூடும் சேர்ந்துதான் காரணம் என்று இன்டெலே சொன்னது. பாதியை மறைக்கிறீர்களே?

நீங்கள் சொல்வது சரி. கோரில் கிளாக்கைப் பிரித்துக் கொடுக்கும் சுற்று உயர் வோல்டேஜிலும் சூட்டிலும் முதுமையடைகிறது என்றுதான் அவர்கள் அறிக்கை. சூடான சிப்பும் உச்ச வேகத்துக்குப் போகவிட்ட பிழையை 0எக்ஸ்125 மைக்ரோகோடில் திருத்தினார்கள். ஆனால் 0எக்ஸ்12பி எதைத் திருத்தியது? கம்ப்யூட்டர் சும்மா இருக்கும்போதும் லேசான வேலையிலும் எழுந்த வோல்டேஜை. சிப் குளிர்ச்சியாக இருக்கும் நேரம் அது. 360 மில்லிமீட்டர் லிக்விட் கூலர் போட்டவர்களின் சிப்பும் போனது. சூடு அதை விரைவுபடுத்தும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 85 டிகிரியைப் பார்த்துப் பதறுகிறவர்கள் 1.5 வோல்ட்டைக் கண்டுகொள்ளாமல் இருக்கிறார்கள். என் கவலை அதுதான்.

ஐ5 12400, கேமில் 75 டிகிரி, ஆபத்தா? ரைசன் 5 5600, 80 டிகிரி, ஆபத்தா? ஐ5 12600கே, 82 டிகிரி, ஆபத்தா?

மூன்றுக்கும் இல்லை. இதே கேள்வி இன்னும் பல வந்திருக்கிறது. எல்லாவற்றுக்கும் இதுவே பதில்.

பேஸ்டுக்குப் பதில் லிக்விட் மெட்டல் போடலாமா?

கூலரின் அடிப்பகுதி அலுமினியம் என்றால் கூடவே கூடாது, லிக்விட் மெட்டலில் உள்ள காலியம் என்ற உலோகம் அதை அரித்துவிடும். செம்பு என்றாலும் ஒரு துளி போர்டில் சிந்தினால் ஷார்ட். நல்ல பேஸ்ட் போதும்.

லேப்டாப் சூடு?

என் துறை இல்லை. சர்வீஸ் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.

வேலூர்: 7800எக்ஸ்3டி வாங்கியிருக்கிறேன், போர்டு 2023 தொடக்கத்தில் வந்தது. பயாஸ் புதுப்பிக்கச் சொல்கிறீர்கள், நடுவில் கரண்ட் போனால்?

உங்கள் விஷயத்தில் தள்ளிப்போடவே கூடாது. அந்த ஆண்டு ஏப்ரலில் இந்த பிராசஸர்களில் சில சாக்கெட்டோடு கருகின. எக்ஸ்போ (ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டதும் சில போர்டுகள் எஸ்ஓசி வோல்டேஜை (பிராசஸருக்குள் ரேமைக் கட்டுப்படுத்தும் பகுதிக்குப் போவது) மிக அதிகமாக ஏற்றியிருந்தன. அதன் பிறகுதான் ஏஎம்டி அதை 1.3 வோல்ட்டோடு நிறுத்தியது. யுபிஎஸ் இருந்தால் அதில் செருகிச் செய்யுங்கள். இல்லையென்றால் பக்கத்து வீட்டில் இரவல் வாங்குங்கள். போர்டின் பின்பக்கம் பயாஸ் ஃபிளாஷ்பேக் பட்டன் இருந்தால், நடுவில் கரண்ட் போனாலும் பென்டிரைவிலிருந்து மறுபடி ஏற்றிவிடலாம். முடிந்ததும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3க்குள் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எக்ஸ்போவை ஆன் செய்யுங்கள்.