ஹால்ஸ்டாட்டுக்கு ஒரு நாள் போய் வந்தால் போதுமா, தங்க வேண்டுமா?

தங்குங்கள், ஒரு இரவாவது.

ஹால்ஸ்டாட், ஆஸ்திரியாவில் மலைக்கும் ஏரிக்கும் நடுவே இருக்கும் சிற்றூர். குழந்தைகளோடு சால்ஸ்பர்க் நகரத்திலிருந்து காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். திரும்பிவிடலாம்தான். நான் முதல் தடவை அப்படித்தான் சுற்றுலாப் பேருந்தில் போனேன். இரண்டரை மணி நேரம் கிடைத்தது. அதில் பாதி, எல்லோரும் படம் எடுக்கும் அந்த ஒரு இடத்தில் என் முறைக்காக நின்றே போனது. ஊரைப் பார்த்த நிறைவே இல்லை.

இரண்டு வருடம் கழித்து அக்டோபர் கடைசியில் ரயிலில் போனேன். ரயில் நிலையம் ஏரிக்கு இந்தப் பக்கம், ஊர் அந்தப் பக்கம். ரயில் நேரத்துக்கு ஒரு சிறிய படகு வந்து நிற்கும். அதில் ஏறினால் ஊர் கொஞ்சம் கொஞ்சமாக நம்மை நோக்கி வரும். மலையடிவாரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகள், நடுவில் ஊசி மாதிரி ஒரு தேவாலயக் கோபுரம். அந்த ஊருக்குள் நுழைய அதுதான் சரியான வழி என்று எனக்குத் தோன்றுகிறது. 1890 வரை கரையோரச் சாலையே கிடையாது. படகில் வரவேண்டும், இல்லையென்றால் ஒற்றையடிப் பாதையில் நடந்து வரவேண்டும். நிலம் அவ்வளவு குறைவு. ஏரிக்கரை வீடுகளுக்கு இடையே போகவர, மாடிப் பரண்கள் வழியாகவே ஒரு மேல்பாதை வைத்திருந்தார்களாம்.

இந்த நெருக்கடி புரிய வேண்டுமானால் கல்லறைத் தோட்டத்துக்குப் போங்கள். கைக்குட்டை அளவு இடம்தான். அதனால் முன்பெல்லாம் பத்து, பதினைந்து வருடம் ஆனதும் எலும்புகளை எடுத்துவிட்டு அடுத்தவருக்கு இடம் கொடுப்பார்கள். எடுத்த மண்டையோட்டை வெயிலில் வெளுக்கவைத்து, பெயரும் இறந்த வருடமும் எழுதி, பூவோ இலையோ வரைந்து பக்கத்துச் சிற்றாலயத்தில் வைப்பார்கள். அங்கே 1,200-க்கும் மேல் இருக்கின்றன. 600 சொச்சம் வண்ணம் தீட்டியவை. கடைசியாக ஒன்று 1995-இல் வைக்கப்பட்டது. குழந்தைகள் பயப்படுவார்களோ என்று யோசிக்காதீர்கள். ஒரே குடும்பப் பெயர் வரிசையாக வருவதைப் பார்க்கும்போது பயம் வரவில்லை, அந்த வீட்டுக்காரர்கள் எல்லோரும் இன்னும் ஒன்றாக இருக்கிறார்கள் என்றுதான் பட்டது.

அந்த ஊரின் பழைய உப்புச் சுரங்கத்தைப் பற்றி எல்லா வழிகாட்டிகளிலும் எழுதியிருக்கும். ஒன்று மட்டும் சொல்கிறேன்: உள்ளே கிடைத்த மரப் படிக்கட்டு கி.மு. 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் ஆரம்ப இரும்புக் காலத்துக்கே இந்தச் சிறிய ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.

அப்புறம், அங்கே வாழும் மனிதர்கள். நிரந்தரமாக இருப்பவர்கள் 750 பேர் அளவுதான். கோடையில் நெரிசலான நாட்களில் 10,000 பேர் வந்திறங்குகிறார்கள். 2012-இல் சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் இந்த ஊரைப் போலவே இன்னொன்றைக் கட்டிவிட்டார்கள் என்பதிலிருந்து மோகம் எவ்வளவு என்று புரிந்துகொள்ளலாம். பேருந்துகள் முன்பதிவு செய்துதான் வரவேண்டும் என்று 2020-இல் விதி கொண்டுவந்தார்கள். 2023-இல் அந்தப் படமெடுக்கும் இடத்தில் மரத்தடுப்பு வைத்துப் பார்த்தார்கள்; எதிர்ப்பு வந்ததும் எடுத்துவிட்டார்கள். அதே வருடம் ஆகஸ்டில் ஊர்க்காரர்களே சாலையை மறித்துப் போராடினார்கள். யாரும் வரவேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று வரம்பு வையுங்கள், மாலை ஐந்துக்கு மேல் சுற்றுலாப் பேருந்து வேண்டாம் என்றுதான் கேட்டார்கள். எனக்கு அது முழுக்க நியாயமாகப் படுகிறது. நம் வீட்டு ஜன்னலுக்கு வெளியே தினமும் ஆயிரக்கணக்கானோர் நின்று படமெடுத்தால் நாம் என்ன செய்வோம்?

நான் தங்கிய வீட்டம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல் இருக்கும். கடைசிப் படகு போன பிறகு வாசலில் உட்கார்ந்திருந்தோம். எதிர் வீட்டில் யாரோ பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. "இப்போதுதான் ஊர் எங்கள் கைக்குத் திரும்ப வருகிறது" என்றார். பக்கத்து வீடுகளில் விளக்கு எரியாத ஜன்னல்களை ஒவ்வொன்றாகக் காட்டி, யார் இருந்தார்கள், எங்கே போனார்கள் என்று சொன்னார். அவை இப்போது விடுமுறைக்கு வாடகைக்கு விடும் வீடுகள். அந்த அரை மணி நேரம் பகல் பயணத்தில் கிடைக்காது.

அதனால் என் யோசனை: ஜூலை, ஆகஸ்டைத் தவிருங்கள். முடிந்தால் ஜூன் பக்கம் வரும் கார்ப்பஸ் கிறிஸ்டி என்ற கத்தோலிக்கத் திருவிழாவுக்குப் போங்கள். ஏரியில் படகிலேயே பவனி வருவார்கள், 17-ஆம் நூற்றாண்டிலிருந்து வரும் வழக்கம். அறையை உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதியிலேயே எடுங்கள். ஏரி மீன் கிடைத்தால் சாப்பிடுங்கள். கடைசிப் படகு மாலையிலேயே போய்விடும், நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். உருளும் பெட்டி வேண்டாம், முதுகுப் பையே போதும்: படிகள் அதிகம், கல் பாவிய சந்தில் அதிகாலையில் சக்கரம் உருளும் சத்தம் எல்லா வீட்டுப் படுக்கையறையிலும் கேட்கும்.