செகண்ட் ஹேண்ட் உப்புநீர் டேங்க், உள்ளே ஒரு ஈல்: பில்டர் கேள்வி பதில்

பாம்பு மாதிரி நீண்டிருக்கும் ஈல் மீனோடு சேர்த்துப் பழைய டேங்கை வாங்குகிறவர்கள் இப்போது நிறையப் பேர். வந்த கேள்விகளில் பில்டர் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கோகுல், மடிப்பாக்கம்: அண்ணா, ஊரை விட்டுப் போகிற ஒருவரிடம் 4 அடி டேங்கை ஈலோடு வாங்கியிருக்கிறேன். ஸ்னோஃப்ளேக் ஈல், ஒன்றரை அடி இருக்கும். கூடவே ஒரு கேனிஸ்டர் பில்டர் (டேங்குக்கு வெளியே நிற்கிற மூடிய டப்பா பில்டர்). அது ரொம்ப அழுக்கு. ஞாயிற்றுக்கிழமை எடுத்து வருகிறேன். நன்றாகக் கழுவிவிட்டுப் போடலாமா, இல்லை புதிதாகவே வாங்கிவிடலாமா?

தம்பி, இரண்டுமே வேண்டாம். அந்த அழுக்குக் கேனிஸ்டருக்குள் இருக்கிற செராமிக் வளையம் போன்ற மீடியாவில்தான் ஈலின் உயிர் இருக்கிறது. ஈல் தின்றது கழிவாகி அமோனியாவாகும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா அந்த செராமிக் வளையங்களிலும் பாறைகளிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது புதிதாக வளர்ந்து வர 4 முதல் 6 வாரம் ஆகும், அதுவரை ஈல் தன் கழிவிலேயே கிடக்க வேண்டும். கடல்நீரின் பி.எச். 8.2 பக்கம் இருப்பதால் அமோனியாவின் விஷத்தன்மையும் அதிகம். டெஸ்ட் கிட்டில் ஒரே அளவு காட்டினாலும், பி.எச். 7 உள்ள நன்னீர்த் தொட்டியோடு ஒப்பிட்டால் இங்கே சுமார் பத்து மடங்கு விஷம்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை இப்படிச் செய்யுங்கள். 2, 3 நாள் முன்பே ஈலுக்குச் சாப்பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள். மூடிய கேனிஸ்டருக்குள் தண்ணீர் ஓடாமல் நின்றால் சில மணி நேரத்திலேயே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும், எனவே மீடியாவை வெளியே எடுத்து, டேங்க் தண்ணீர் நிரப்பிய திறந்த வாளியில் போட்டு, பேட்டரி ஏர் பம்ப் ஒன்றை ஓடவிட்டுக் கொண்டு வாருங்கள். பாறைகளும் தண்ணீருக்குள்ளேயே வரட்டும். ஈல் தனி வாளியில், அழுத்தி மூடிய மூடியோடு, அதற்கும் காற்று. பழைய மணலை அங்கேயே விட்டுவிடுங்கள், கிளறினால் அடியில் படிந்த அத்தனை கழிவும் ஒரே நேரத்தில் மேலே வரும். பழைய தண்ணீரில் பாதியாவது கொண்டு வாருங்கள், மீதிக்கு முதல் நாளே உப்புக் கலந்து வைத்துவிடுங்கள். கேனிஸ்டரைக் கழுவியே ஆக வேண்டும் என்றால் ஸ்பாஞ்சை மட்டும் டேங்க் தண்ணீரில் அலசலாம். குழாய்த் தண்ணீரில் வேண்டாம், அதிலுள்ள குளோரின் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் பில்டர் ஓடட்டும், மற்றதெல்லாம் அப்புறம். முதல் 2 வாரம் தினமும் அமோனியா பாருங்கள். புது பில்டர் வாங்க ஆசை என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் பழையதையும் கூடவே குறைந்தது 6 வாரம் ஓட்டிவிட்டுத்தான் கழற்ற வேண்டும்.

ஷாஜகான், திருச்சி: கேனிஸ்டர் மட்டும் போதும், ஸ்கிம்மர் எல்லாம் பவளம் வளர்ப்பவர்களுக்குத்தான் என்று கடைக்காரர் சொல்கிறார். சரியா?

ஈல் வைத்திருப்பவருக்கு அது சரியில்லை. பவளத் தொட்டியில் போகிற உணவு கொஞ்சம். ஈலுக்கு நாம் போடுவது முழு இறால், கணவாய்த் துண்டு, நண்டு. அது கடித்து உதறும்போது சாறும் துணுக்கும் தண்ணீரெங்கும் பரவும். ஸ்கிம்மர் இந்தக் கரைந்த கழிவை அமோனியாவாக மாறுவதற்கு முன்பே நுரையாக வெளியே தள்ளிவிடுகிறது. கேனிஸ்டரால் அது முடியாது. அதில் சிக்கிய கழிவு, நீங்கள் திறந்து கழுவும் வரை அதே தண்ணீரில்தான் அழுகிக்கொண்டிருக்கும். பெட்டியில் எழுதியிருக்கிற கொள்ளளவை அப்படியே நம்பாமல், உங்கள் தண்ணீரைப் போல இரண்டு மடங்குக்கு என்று போட்டிருப்பதை வாங்குங்கள். 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் கணக்குப்படி 250 லிட்டர் சொச்சம், பாறையும் மணலும் போக 200 தேறும். ஆக 400 லிட்டருக்கான ஸ்கிம்மர்.

பழைய ஸ்கிம்மர் கிடைத்தால் விடாதீர்கள். பம்பைக் கழற்றி வினிகர் கலந்த தண்ணீரில் ஊறவைத்தால் சுண்ணாம்புப் படிவு கரைந்துவிடும், ஓடாது என்று ஒதுக்கிய பம்ப் பல நேரம் அதிலேயே ஓட ஆரம்பித்துவிடும். இன்னொன்று, சாப்பாடு போட்ட பிறகு சில மணி நேரம் நுரை அமுங்கும். உணவிலுள்ள எண்ணெய்ப் பசைதான் காரணம், ஸ்கிம்மர் கெட்டுவிட்டது என்று அதைத் திருகிக்கொண்டிருக்க வேண்டாம்.

வித்யா, கோவை: வாங்கிய டேங்கில் ஓட்டை எதுவும் இல்லை. சம்ப் (டேங்குக்குக் கீழே வைக்கும் பில்டர் தொட்டி) வைக்க ஆசைப்படுகிறேன். கண்ணாடியில் துளை போடலாமா? ஈல் குழாய்க்குள் போய்விடும் என்று பயமாகவும் இருக்கிறது.

பயம் நியாயமானது. ஈலுக்கு வழி என்று தெரிகிற எதுவும் வழிதான். தண்ணீர் வழிந்து கீழே இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டிக்குள் ஏறி, குழாய் வழியாகச் சம்ப் வரைக்கும் போன ஈல்கள் உண்டு. பெட்டியின் வாய்ப்பகுதிக்கு வலையும், குழாய் முனைக்கு ஸ்ட்ரெய்னரும் (சல்லடை மூடி) கட்டாயம். தொட்டிக்குள் அலை எழுப்பும் வேவ்மேக்கர் பம்பின் வாய்க்கும் அதேதான்.

துளை போடுவதற்கு முன் அது டெம்பர்டு (சூடாக்கிக் கடினப்படுத்திய) கண்ணாடியா என்று உறுதிப்படுத்துங்கள். டெம்பர்டில் டிரில் வைத்தால் முழுக் கண்ணாடியும் நொறுங்கிவிடும், பல டேங்குகளில் அடிக் கண்ணாடி அந்த வகைதான். துளைக்க முடியாதென்றால் விளிம்பில் தொங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியை நான் சொல்ல மாட்டேன். விளிம்பைத் தாண்டித் தண்ணீரை இழுக்கிற அதன் சைஃபன் ஒரு தடவை அறுந்தால், பம்ப் நிற்காததால் சம்ப்பிலிருக்கிற தண்ணீர் மொத்தமும் மேலே ஏறி ஹாலில் கொட்டும். அதற்குப் பதில் பெரிய கேனிஸ்டரும், வெளியே தொங்குகிற ஸ்கிம்மரும் போதும்.

துளைக்க முடிந்தால் சம்ப்பைப் போல நல்லது வேறில்லை. சம்ப்பிலிருந்து டேங்குக்கு மணிக்கு 1000 லிட்டர் உண்மையாகவே திரும்பினால் முன்பு கணக்குப் போட்ட 4 அடி அளவுக்குச் சரியாக இருக்கும், உயரம் ஏற ஏற பம்பின் தள்ளு குறையும் என்பதால் பெட்டியில் எழுதியிருப்பது அதைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கட்டும். எல்லாம் பூட்டிய பிறகு பம்பை வேண்டுமென்றே நிறுத்திப் பாருங்கள். மேலிருந்து இறங்குகிற தண்ணீரைச் சம்ப் தாங்குகிறதா என்று அன்றே தெரிந்துவிடும். பயோபால் (பாக்டீரியா ஒட்டி வளரும் பிளாஸ்டிக் பந்து) இருந்தால் நைட்ரேட் ஏறும் என்று பவளக்காரர்கள் தூக்கி எறிவார்கள். ஈல் தொட்டிக்கு அது நல்ல மீடியாதான், அதன் மேலே ஒரு பில்டர் சாக் (வடிகட்டும் துணிப்பை) போட்டு 3, 4 நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும்.

அன்வர், காயல்பட்டினம்: பழைய சொந்தக்காரர் வெள்ளைப்புள்ளி நோய்க்குக் காப்பர் மருந்து ஊற்றியிருக்கிறார். டேங்க் பயன்படுமா?

டேங்க் பயன்படும். பாறையும் மணலும் பயன்படாது. சுண்ணாம்புத் தன்மையுள்ள பாறை காப்பரை உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும், ஈலோ செதில் இல்லாத மீன், காப்பர் அதற்கு ஆகாது. கண்ணாடியை வினிகரால் துடைத்துத் தண்ணீர் நிரப்பி, ஆக்டிவேட்டட் கார்பனைச் சில நாள் ஓட்டிவிட்டு, காப்பர் டெஸ்டில் பூஜ்யம் வந்தால் ஈலை விடுங்கள். அந்தத் தொட்டியில் ஊறிய பில்டர் மீடியாவையும் சேர்த்தே கழித்துவிடுங்கள். அப்படிச் செய்தால் பாக்டீரியா புதிதாகத்தான் வளர வேண்டும், அதுவரை ஈல் பழைய இடத்திலேயே இருக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள்.

பிரவீன், மதுரை: லைவ் ராக் (கடல் உயிர்கள் ஒட்டியிருக்கும் பவளப் பாறை) இராமேஸ்வரம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்கள். வாங்கலாமா?

வாங்காதீர்கள். மன்னார் வளைகுடா 1986இலேயே கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளங்களுக்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது. எடுத்தாலும் விற்றாலும் வாங்கினாலும் குற்றம். சட்டத்தை விடுங்கள், ஒரு திட்டு வளர எத்தனையோ வருடம் ஆகியிருக்கும், அதை உடைத்து நம் ஹாலில் வைக்க எனக்கு மனம் ஒப்பாது. துளைகள் நிறைந்த செராமிக் பாறைகள் விற்கிறார்கள், பாக்டீரியாவுக்கு அதுவே போதும். சம்ப்பில் செராமிக் கட்டிகளையும் சேர்த்துக்கொள்ளலாம். பாறையை எப்போதும் அடிக் கண்ணாடி மேல் நேராக வைத்துவிட்டு அப்புறம் மணல் போடுங்கள். ஈல் அடியில் தோண்டும், மணல் மேல் நிற்கிற பாறை சரிந்து அதன் மேலேயே விழும்.

சுமதி, பெசன்ட் நகர்: கடல் 5 நிமிட நடையில் இருக்கிறது. அந்தத் தண்ணீரையே ஊற்றலாமா?

வேண்டாம்மா. அடையாறு கலக்கிற கரை அது. ஆர்.ஓ. தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் மரைன் சால்ட் போட்டு, உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் 1.025 வருகிறதா என்று பாருங்கள். ஆவியாகிக் குறைகிற தண்ணீருக்கு உப்பில்லாத ஆர்.ஓ. மட்டும் ஊற்ற வேண்டும், உப்பு ஆவியாவதில்லை.

ராஜேஷ், வேலூர்: கரண்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும்? வெயில் காலத்தில் தண்ணீர் 31 டிகிரி வருகிறது.

இரண்டும் ஒரே பிரச்சினையில்தான் வந்து நிற்கும். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு, அதில் பம்பும் நின்றால் ஈலும் பாக்டீரியாவும் மிச்சமிருக்கிற ஆக்சிஜனுக்குப் போட்டி போடும். சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே அனுப்பும் ரிட்டர்ன் பம்பை இன்வெர்ட்டரில் போடுங்கள், முடியாவிட்டால் பேட்டரி ஏர் பம்ப் கட்டாயம். கேனிஸ்டர் பல மணி நேரம் நின்றிருந்தால் அப்படியே ஸ்விட்சைப் போடாதீர்கள், உள்ளே கெட்டுப்போன தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடுங்கள். வெப்பத்துக்கு, தண்ணீர்மட்டத்தின் மேல் வீசுகிற ஃபேன் ஓரிரு டிகிரி குறைக்கும், அதற்குமேல் சில்லர்தான். 25 முதல் 27 வரை வைத்தால் நல்லது.

தினேஷ், சிங்கப்பூர்: ஈல் எந்நேரமும் வாயைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கிறது. ஆக்சிஜன் பற்றவில்லையா?

அது மூச்சுவிடுகிற விதமே அப்படித்தான். வழக்கத்தைவிட வேகமாகி, தலையைத் தண்ணீர்மட்டத்துக்குக் கொண்டு வந்தால் அன்றைக்கு அமோனியாவையும் வெப்பத்தையும் பாருங்கள்.

செல்வி, தூத்துக்குடி: மீனவர் ஒருவர் குட்டி அஞ்சாளை (ஈலில் ஒரு வகை) தருகிறார், வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டுகள், தேன்கூடு மாதிரி. 4 அடி டேங்குக்கு எந்த பில்டர் போடுவது?

அதற்கு 4 அடியில் எந்த பில்டரும் போதாதும்மா. அது ஆறடியைத் தாண்டி வளரக்கூடிய இனம், மீனையே தின்பது. ஸ்னோஃப்ளேக் பெரும்பாலும் இரண்டரை அடிக்குள் நின்றுவிடும், நண்டு தின்கிற மொட்டைப் பல். அவரிடம் சொல்லிக் குட்டியைக் கடலிலேயே விடச் சொல்லுங்கள்.

ஹரிணி, தாம்பரம்: நைட்ரேட் 80 பிபிஎம் காட்டுகிறது, ஈல் நன்றாகத்தான் சாப்பிடுகிறது. தினமும் 2 இறால் போடுகிறேன்.

அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம்தானே? அப்படியென்றால் பில்டர் வேலை செய்கிறது, சாப்பாடுதான் அதிகம். வளர்ந்த ஈலுக்கு வாரம் 2, 3 தடவை போதும். இடுக்கியில் பிடித்து நேரே வாயருகில் கொடுங்கள், விழுந்த துண்டை அன்றே எடுத்துவிடுங்கள். 2 வாரத்துக்கு ஒருமுறை 20 சதவீதம் தண்ணீர் மாற்றி, 40க்குக் கீழே கொண்டு வாருங்கள். ஒரே நாளில் பாதித் தண்ணீரை மாற்றி இறக்க வேண்டாம், இரண்டு மாதமாவது எடுத்துக்கொள்ளட்டும்.