தாயின் பொருத்தனையும் மகனின் அழைப்பும்

வாசகர் கேள்விகளுக்கு, பணிநிறைவு பெற்ற ஆயர் ஒருவர் பதிலளிக்கிறார்.

கேள்வி: எனக்கு 26 வயது. தூத்துக்குடியில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். சிறு வயதில் நான் கடும் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் என்னை ஊழியத்துக்கே ஒப்புக்கொடுப்பதாக அம்மா கர்த்தரிடம் பொருத்தனை (நேர்ச்சை) செய்தார்களாம். கடந்த ஆண்டு ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் பிரசங்கியார் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, கர்த்தர் என்னை அழைப்பதாக அறிவித்தார். அன்று முதல் வேலையை விட்டுவிடும்படி அம்மா வற்புறுத்துகிறார்கள். ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது எனக்கு மிகவும் பிடிக்கும் என்பதைத் தவிர, அழைப்பு என்று சொல்லும்படி எதையும் நான் கேட்டதில்லை. அம்மாவின் பொருத்தனையை மீறினால் பாவமாகுமா?

பதில்: அன்புள்ள தம்பி, பாவமாகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் குற்ற உணர்வால் இறையியல் கல்லூரிக்கு வந்து சேர்ந்தவர்கள் பின்னாளில் பட்ட வேதனையை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். எண்ணாகமம் 30ஆம் அதிகாரத்தில் உள்ள கட்டளை, பொருத்தனை செய்தவரையே அதை நிறைவேற்றச் சொல்கிறது. உங்கள் அம்மா உங்களைக் கர்த்தருக்குப் பயந்த பிள்ளையாக வளர்த்து, தம்மால் ஆனதைச் செய்துவிட்டார்கள். அந்தக் கண்ணீருக்கு நீங்கள் காலமெல்லாம் நன்றியுள்ளவராக இருக்க வேண்டும்.

நம் வீடுகளில் இதற்கு, பிள்ளை பிறந்தால் கர்த்தருக்கே கொடுப்பதாகப் பொருத்தனை செய்த அன்னாளைத்தான் வேதத்திலிருந்து எடுத்துக்காட்டுவார்கள். அன்னாளின் பொருத்தனைதான் அவள் மகன் சாமுவேலைச் சீலோவிலிருந்த ஆலயத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது, உண்மைதான். ஆனால் ஆலயத்திலேயே வளர்ந்து, ஆசாரியரான ஏலியின் முன் பணிவிடை செய்துவந்த அந்தப் பிள்ளை இன்னும் கர்த்தரை அறியாதிருந்தான் என்று 1 சாமுவேல் 3ஆம் அதிகாரம் சொல்வதை நாம் வாசித்தும் கவனிப்பதில்லை. அதற்குப் பிறகுதான் அவனுடைய பெயரைச் சொல்லியே கூப்பிடும் குரல் வருகிறது. மூன்று முறை அவன் ஏலியிடம் ஓடுகிறான். உன் தாய் உன்னை முன்னமே கொடுத்துவிட்டாளே, இனி என்ன கேள்வி என்று ஏலி சொல்லவில்லை. கர்த்தர் சொல்லப்போவது இன்னது என்று தாமாக அறிவிக்கவும் இல்லை. போய்ப் படுத்துக்கொள், மறுபடியும் கூப்பிட்டால் இப்படி மறுமொழி சொல் என்று மட்டுமே கற்றுக்கொடுக்கிறார். பிரசங்கியாரின் வாக்கையும் இதை வைத்தே நிதானியுங்கள். அந்த வார்த்தை உங்களை ஜெபத்துக்கும் சுயபரிசோதனைக்கும் அனுப்பினால் அது ஏலியின் வேலையைச் செய்திருக்கிறது. உங்களை அறியாத ஒருவர் சொன்னதை நம்பி நீங்கள் ராஜினாமாக் கடிதம் எழுதத் தேவையில்லை.

எதையும் கேட்டதில்லை என்று வருந்துகிறீர்கள். வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியாவை நினைத்துப் பாருங்கள். தந்தை ஆயர்; தாயோ பல ஆண்டுகள் ஜெபித்துக் காத்திருந்து அவரைப் பெற்றவர். அப்படியிருந்தும் படிப்பு முடிந்த கையோடு அவர் ஆயராவதற்கான குருப்பட்டத்தை நாடிப் போகவில்லை, ஒய்.எம்.சி.ஏ. செயலராக இளைஞர்களிடையே சுற்றி வந்தார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தாங்களாகவே மிஷனெரி ஊழியத்தைத் தாங்குவதைக் கண்டு, நம் சபைகள் ஏன் அப்படிச் செய்யவில்லை என்று மனம் பொறுக்காமல், அடுத்த ஆண்டே திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் உருவாவதில் முன்னின்றார். அந்தச் சங்கத்தின் பணிக்களமான, தெலுங்கு நாட்டிலுள்ள தோர்ணக்கல்லுக்கு 1909இல் குருப்பட்டம் பெற்றுத் தாமே போனபோது அவருக்கு ஏறக்குறைய 35 வயது. ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக 1912இல் அவர் அபிஷேகம் பெற்றதைத்தான் நாம் பெருமையாகப் பேசுகிறோம். எனக்கோ அதற்கு முந்தைய ஆண்டுகளே பெரிதாகத் தோன்றுகின்றன. கையில் இருந்த வேலையை உண்மையாகச் செய்யச் செய்யத்தான் அடுத்த வேலை இன்னதென்று அவருக்குத் தெளிவானது.

ஆகவே, ஞாயிறு பள்ளியைப் பற்றி நீங்கள் போகிற போக்கில் எழுதியதே என் கண்ணில் நிற்கிறது. ஊழியத்துக்கு விண்ணப்பித்தவர்களை நேர்காணும் குழுவில் நான் சில ஆண்டுகள் இருந்தேன். ஏன் வந்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலோர் தாயின் பொருத்தனையையோ ஒரு தீர்க்கதரிசன வார்த்தையையோ சொல்வார்கள். உங்களால் விசுவாசத்தில் தேறிய ஒருவரைப் பற்றிச் சொல்லுங்கள் என்று அடுத்துக் கேட்போம். பலர் பேச்சற்றுப் போவார்கள். ஒருசிலர் மட்டும் ஒரு பிள்ளையைப் பற்றியோ, தினமும் போய்ப் பார்த்த ஒரு நோயாளியைப் பற்றியோ சொல்லத் தொடங்கி நிறுத்த மாட்டாமல் தவிப்பார்கள்.

அந்தியோகியாவில் பர்னபாவையும், பின்னாளில் பவுல் எனப்பட்ட சவுலையும் ஊழியத்துக்கென்று பிரித்துவிடும்படி ஆவியானவர் சபையாரிடம் சொன்னார். அதற்குமுன் அந்த இருவரும் ஒரு வருஷம் முழுவதும் அதே சபையில் உபதேசித்திருந்தார்கள். நீங்களும் வேலையில் இருந்துகொண்டே, உங்கள் சேகர குருவிடம் (உள்ளூர்ச் சபைக்குப் பொறுப்பான ஆயரிடம்) மனம்விட்டுப் பேசி, ஓராண்டுக்கு ஒரு பொறுப்பைக் கேட்டு வாங்குங்கள். சபை உங்களிடம் வரத்தைக் கண்டு, உங்கள் வாஞ்சையும் குறையாதிருந்தால், சேகரத்தின் பரிந்துரையோடு திருமண்டலத்துக்கு (பேராயரின் ஆளுகைக்கு உட்பட்ட சபைகளின் நிர்வாகத்துக்கு) விண்ணப்பிக்கலாம். பிறகு நேர்காணலும், பட்டதாரிகளுக்கு 4 ஆண்டுகள் நீளும் பி.டி. என்னும் இறையியல் படிப்பும் இருக்கின்றன. மதுரை அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில், மாணவர்கள் படிப்பின் ஒரு பகுதியை ஏழை மக்களின் குடியிருப்புகளில் தங்கியே கழிக்கும் வழக்கமும் உண்டு. இந்தத் தாமதங்களைத் தடையாக நினைக்காதீர்கள். இந்தக் கடிதத்தை உங்கள் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: என் கணவர் பள்ளி ஆசிரியர். தலைமையாசிரியர் பதவி உயர்வு கைநழுவிய பிறகு, வேலையை விட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவதாகச் சொல்கிறார். இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். வீட்டுக் கடனும் இருக்கிறது. நான் தயங்கினால், ஆண்டவருக்கு விரோதமாக நிற்கிறாய் என்கிறார். நான் செய்வது தவறா?

பதில்: சகோதரி, தவறில்லை. தன் வீட்டாரை விசாரியாதவனைப் பற்றி 1 தீமோத்தேயு 5:8 எவ்வளவு கடுமையாகப் பேசுகிறது என்பது உங்கள் கணவருக்கும் தெரியும். கொரிந்துவில் பவுல் ஆக்கில்லாவோடும் பிரிஸ்கில்லாளோடும் கூடாரத் தொழில் செய்துகொண்டே பிரசங்கித்தார். அதனால் அவருடைய அழைப்பு குறைந்துபோகவில்லை. மனம் நொந்த வேளையில் தேவன் பேசுவதில்லை என்று நான் சொல்ல மாட்டேன், பேசியிருக்கிறார். ஆனால் அந்த நோவு ஆறும்வரை காத்திருக்கும்படி அவரிடம் அன்பாகக் கேளுங்கள். அதுவரை, மாலை வேளைகளிலும் விடுமுறை நாட்களிலும் செய்யக்கூடிய ஊழியம் ஒன்றைச் சேகர குருவிடம் கேட்டு வாங்கிச் செய்யட்டும். கூடுமானால் நீங்களும் உடன் செல்லுங்கள். இறுதி முடிவை இருவரும் ஒருமனமாக எடுங்கள்.

கேள்வி: நான் முதுகலை படிக்கும் பெண். ஆயராக வேண்டும் என்ற வாஞ்சை பல ஆண்டுகளாக இருக்கிறது. பெண்களுக்கு அந்த அழைப்பு வராது என்று எங்கள் ஊரில் சொல்கிறார்கள். உண்மையா?

பதில்: அன்புள்ள மகளே, பெண்களுக்குக் குருப்பட்டம் கொடாத சபைகள் இன்றும் உண்டு, நீங்கள் அப்படிப்பட்ட சபையில் இருந்தால் உங்கள் வழி கடினமானது என்பதை மறைக்க மாட்டேன். தென்னிந்தியத் திருச்சபையிலோ பெண்கள் பல ஆண்டுகளாக ஆயர்களாகப் பணியாற்றுகிறார்கள். 2013இல் நந்தியால் திருமண்டலத்தின் பேராயராக புஷ்பா லலிதா அபிஷேகம் பெற்றார். தூத்துக்குடித் தம்பிக்குச் சொன்ன அதே சோதனையை நீங்களும் செய்துபாருங்கள். கூடவே, ஏற்கெனவே ஆயராகப் பணியாற்றும் ஒரு பெண்ணைத் தேடிப்போய், அவருடைய சேகரத்தில் ஒரு கோடை விடுமுறையைக் கழித்துவிட்டு எனக்கு மறுபடியும் எழுதுங்கள்.