பெனினில் ஆலை போட்டால் பண்ருட்டி ஏற்றுமதி சுருங்குமா?

கேள்வி: கடலூர் மாவட்டம் பண்ருட்டி அருகே முந்திரி ஆலை நடத்துகிறோம். கொட்டை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. அங்குள்ள பெனின் நாட்டில் கூட்டாக ஆலை போட ஒருவர் அழைக்கிறார். பணத்தை அங்கே போட்டால் இங்கிருந்து போகும் ஏற்றுமதி சுருங்கிவிடாதா?

பதில்: எந்த வேலையை அங்கே கொண்டுபோகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. உடைப்பு முதல் டப்பாவில் அடைப்பது வரை எல்லாமே அங்கே போனால், உங்கள் பருப்பு பிடித்திருந்த சந்தையை அந்த ஆலையே எடுத்துக்கொள்ளும். ஒரு கட்டம் மட்டும் போனால் கதை வேறு. சாம்சங் 2009-ல் வியட்நாமில் செல்போன் ஆலை தொடங்கியது. தென்கொரியாவிலிருந்து முழு போன் போவது குறைந்தாலும் சிப், திரை, உதிரிபாகங்கள் அந்த நாட்டுக்குப் போவது பெருகியது.

முந்திரியிலும் அதற்கு இடம் இருக்கிறது. உடைப்பு அங்கே நடந்தால் உடைப்பு மெஷின், பாய்லர், பிளேடு என நம் பக்கத்திலிருந்து புதிய சரக்குகள் போகலாம். இங்கே தோல் உரித்து, தரம் பிரித்து, வறுத்து, மசாலா சேர்த்து அனுப்பலாம். ஆனால் ஓடு பெனினிலேயே தங்கிவிடும். பெயின்ட்டுக்கும் பிரேக் லைனிங்குக்கும் போகும் ஓட்டு எண்ணெய் வியாபாரம் கைவிட்டுப் போகும். உடைப்பில் இருக்கும் பெண்களின் வேலையும் போகும். கூட்டாளியிடம் பேசும் முன் அவர்களுக்கு என்ன வேலை தருவீர்கள் என்று முடிவு செய்யுங்கள். என் கணக்கில் அதுதான் முதல் கேள்வி.

சரி, அழைப்பையே ஒதுக்கிவிடலாமா? பெனின் 2024 ஏப்ரல் முதல் உடைக்காத கொட்டை ஏற்றுமதிக்குத் தடை விதித்திருக்கிறது. மற்ற நாடுகளும் பருப்பாகவே விற்கப் பார்க்கின்றன. கொட்டையை மட்டுமே நம்பி இருப்பதும் ஆபத்துதான்.

அங்கே உடைத்த பருப்பை இங்கே கொண்டுவரத்தான் பெரிய முட்டுக்கட்டை. முழுப் பருப்புக்குக் கிலோ 720 ரூபாய் என்ற குறைந்தபட்ச இறக்குமதி விலையை, அதாவது அதற்குக் குறைந்த விலையில் இறக்க முடியாது என்ற வரம்பை, அரசு 2019-ல் வைத்தது. ஏற்றுமதிக்கென வரும் சரக்குக்கு இப்போது என்ன விதி என்று சுங்க ஏஜென்ட்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம் பணம் அனுப்புவது. கம்பெனியாகவோ பதிவு செய்த பங்குதாரர் நிறுவனமாகவோ இருந்தால், 2022 விதிகளின்படி நிகர மதிப்பில் (சொத்தில் கடனைக் கழித்தது) 400 சதவீதம் வரை ரிசர்வ் வங்கியின் தனி அனுமதி இல்லாமல் வெளிநாட்டில் போடலாம். உங்கள் வங்கி மூலம் படிவம் கொடுத்து அடையாள எண் வாங்கிய பிறகே பணம் போக வேண்டும். கடன் கணக்கு வாராக்கடனாகி இருந்தால், அந்த வங்கியிடம் முதலில் ஆட்சேபணை இல்லை என்று கடிதம் வாங்குங்கள்.