லாவோஸ் பட்டு: பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: பிப்ரவரியில் நாங்கள் நான்கு தோழிகள் வியட்நாம் போய்விட்டு அப்படியே லாவோஸும் போகிறோம். லுவாங் பிரபாங்கில் மூன்று நாள், வியன்டியானில் இரண்டு நாள். அங்கே கைத்தறிப் பட்டு பிரசித்தம் என்கிறார்கள். பட்டு என்று சொல்லி பாலியெஸ்டரைத் தலையில் கட்டிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. எப்படிக் கண்டுபிடிப்பது?
— ஒரு வாசகி, கோவை

பதில்: பயம் நியாயமானதுதான். நானே ஏமாந்திருக்கிறேன். லுவாங் பிரபாங்கின் பிரதான வீதியில் சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் இரவுச் சந்தை கூடும். சிவப்புக் கூடாரத் துணிகளுக்குக் கீழே தரையில் விரித்து விற்பார்கள். ஒரு கடைக்கார அம்மா கழுத்துத் துண்டு ஒன்றை எடுத்து நீட்டி "மை, மை" என்றார். லாவோ மொழியில் மை என்றால் பட்டு. பளபளவென்று இருந்தது, விலையும் கைக்கு அடக்கம். வாங்கிவிட்டேன். ஊருக்கு வந்து குஞ்சத்தில் ஒரு இழையைப் பிய்த்துக் கொளுத்திப் பார்த்தால், உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக விரலில் ஒட்டிக்கொண்டது. பட்டாக இருந்தால் முடி கருகும் வாசம் வரும், சாம்பல் விரலில் தேய்த்தால் பொடிந்துவிடும். ரேயானாக இருந்தால் காகிதம் எரிகிற வாசம்.

கடையில் போய்த் தீப்பெட்டி எடுக்க முடியாது என்பது சரி. ஆனால் நெசவாளரே விற்கிற இடத்தில் உதிரி இழை ஒன்று கேட்டால் தயங்காமல் தருவார்கள், சிலர் அவர்களே கொளுத்திக் காட்டுவார்கள். தர மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

தொட்டும் ஓரளவு தெரிந்துகொள்ளலாம். லாவோஸின் நாட்டுப் பட்டுப்புழு மஞ்சள் கூடு கட்டும். அதைக் கொதிநீரில் போட்டுக் கையால் இழுத்து நூலாக்குவார்கள். அந்த நூல் ஒரே பருமனாக இருக்காது, அங்கங்கே திரடு திரடாகத் தட்டுப்படும். காஞ்சிபுரத்தின் வழவழப்பை மனதில் வைத்துக்கொண்டு போனால் "இது என்ன முரடாக இருக்கிறதே" என்று நல்ல துணியை ஒதுக்கிவிடுவீர்கள். பளபளப்பும் வழவழப்பும் அதிகமாக, விலை குறைவாக இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

பலர் கேட்க மறக்கிற கேள்வி ஒன்று உண்டு: பாவு (தறியில் நீளவாக்கில் கட்டும் நூல்) எது, ஊடை (குறுக்கே ஓடும் நூல்) எது? பாவுக்கு அறுந்து போகாத, சீரான நூல் வேண்டும். அதனால் பல தறிகளில் பாவு வியட்நாமிலோ சீனாவிலோ இருந்து வந்த ஆலைப் பட்டாக இருக்கும், ஊடை மட்டும் உள்ளூர்ப் பட்டு. இதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், நெசவின் தேவை அது. ஆனால் "நூறு சதவீதம் எங்கள் ஊர்ப் பட்டு" என்று சொல்லி அதற்கொரு விலை வைத்தால் இந்தக் கேள்வியைக் கேளுங்கள். பாவு பருத்தி, ஊடை பட்டு என்றும் நெய்வதுண்டு. பருத்திக்கு லாவோ மொழியில் ஃபாய். மை, ஃபாய் இரண்டு சொல்லும் தெரிந்தாலே பாதி பேரம் முடிந்த மாதிரி.

அப்புறம், துணியைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். அச்சடித்த துணியென்றால் பின்பக்கம் வெளிறிக் கிடக்கும். பூ வேலை நெய்த துணியில் வண்ண இழைகள் பின்னாலும் ஓடும். ஒரு பூவில் இருந்து அடுத்த பூவுக்குத் தாவுகிற இடம், புது நூல் சேர்த்த முனை எல்லாம் தெரியும். முனைகள் கத்தரியால் மழித்த மாதிரி ஒரே அளவாக இருந்தால் விசைத்தறியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: போன வருடம் போய் வந்தேன். ஒரே மாதிரி டிசைன் போட்ட துண்டு, சந்தையில் ஒரு விலை, பெரிய கடையில் பத்து மடங்கு விலை. பெரிய கடைக்காரர்கள் வெளிநாட்டவர் என்று பார்த்துக் கொள்ளையடிக்கிறார்களா?
— ஒரு வாசகர், திருச்சி

பதில்: டிசைன் ஒன்றாக இருக்கலாம் சார், துணி ஒன்றாக இருக்காது. சந்தையில் உள்ள சரக்கில் நிறைய சீனா, வியட்நாம், தாய்லாந்தில் இருந்து மூட்டையாக வருவது. லாவோஸின் மலைவாழ் மோங் மக்களின் மெழுகுச் சாய வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். சணல் வகைத் துணியில் உருகிய மெழுகால் கோலம் போல் வரைந்து, அவுரி நீலச் சாயத்தில் தோய்த்து, மெழுகை நீக்குவார்கள். அதே தோற்றத்தை ஆலையில் அச்சடித்துப் பை, தலையணை உறை என்று விற்கிறார்கள். படம்தான் ஒன்று.

கையால் நெய்ததற்கு ஏன் அந்த விலை என்று புரிய, ஒரு தறியின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். தறியில் பாவு இழைகளைத் தூக்கும் வழக்கமான விழுதுகளுக்குப் பின்னால் நீள நீளமான வெள்ளை நூல்கள் திரை போலத் தொங்கும். அந்தத் திரைக்குள் குறுக்கே மூங்கில் குச்சிகளோ நூல்களோ செருகியிருப்பார்கள். ஒவ்வொரு குச்சியும் டிசைனின் ஒரு வரி. நெய்பவர் ஒரு குச்சியைப் பிடித்து, அது பிரித்துக் கொடுக்கிற பாவு இழைகளைத் தூக்கி, வண்ண நூலை நுழைத்து, குச்சியைக் கீழ்ப்பகுதிக்கு மாற்றிவிட்டு அடுத்ததை எடுப்பார். எல்லாம் கீழே போய்ச் சேர்ந்ததும், கடைசியாக இறக்கியதில் தொடங்கி ஒவ்வொன்றாகத் திரும்ப மேலே ஏற்றிக்கொண்டு வந்தால் டிசைன் கண்ணாடியில் பார்த்தது போலத் தலைகீழாக விரியும். டிசைனுக்கான இழைகளைத் தானாகத் தூக்கிக் கொடுக்கும் ஜக்கார்டு பெட்டி வருவதற்கு முன் காஞ்சிபுரத்தில் நூலால் அடை கட்டி நெய்தார்களே, அதற்குத் தூரத்து உறவு மாதிரி. சிக்கலான டிசைனுக்கு இப்படி நூற்றுக்கணக்கான வரிகள் உண்டு. கட்டி முடித்த நூல் திரையைக் கழற்றிச் சுருட்டி வைக்கலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். டிசைன் அப்படித்தான் கை மாறுகிறது.

இதில் இரண்டு விதம். டிசைனுக்கான வண்ண ஊடை நூல் துணியின் முழு அகலத்துக்கும் ஓடினால் அது கித். பூ இருக்கிற இடத்தில் மட்டும் விரலாலோ முள்ளம்பன்றி முள்ளாலோ வண்ண நூலைக் கோத்துக் கோத்து நெய்தால் அது சொக். சொக் வேலையில் ஒரே வரியில் எத்தனை நிறம் வேண்டுமானாலும் மாற்றலாம், நேரமும் அதற்கேற்ப விழுங்கும். சாதாரணத் துண்டு ஒன்றிரண்டு நாளில் தறியை விட்டு இறங்கிவிடும். நெருக்கமான சொக் வேலை உள்ள பட்டுக்கு மாதக்கணக்கு. பத்து மடங்கு விலைக்குக் காரணம் பெரும்பாலும் இந்த நாட்கணக்குதான். கடை வாடகையும் ஏசியும் அதில் கொஞ்சம் இருக்கும், இல்லையென்று சொல்லவில்லை.

லாவோஸ் நாணயமான கிப் கணக்கில் ஏமாறாதீர்கள். ஒரு ரூபாய்க்கு இருநூறுக்கு மேல் கிப் வரும். ஆயிரங்களில் விலை கேட்டு மலைத்து, பூஜ்யத்தைத் தப்பாக எண்ணி, மலிவு என்றோ கொள்ளை என்றோ முடிவுகட்டுகிறவர்கள் அதிகம். பேரம் சிரித்த முகத்தோடு, கொஞ்சமாக. ரங்கநாதன் தெரு பாணியில் பாதி விலையில் ஆரம்பித்தால் அவர்கள் சண்டை போட மாட்டார்கள், பேச்சை நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: இயற்கைச் சாயம் என்று எல்லாக் கடையிலும் எழுதி வைத்திருக்கிறார்களாமே? நம்பலாமா?
— ஒரு வாசகி, பாண்டிச்சேரி

பதில்: பாதி நம்பலாம். சாயப் பொருள்களைக் கேட்டால் நமக்கு அந்நியமாகவே இருக்காது. சிவப்புக்கு அரக்கு, நீலத்துக்கு அவுரி, மஞ்சளுக்குப் பலா மரக் கட்டை. அரக்குச் சாயத்தில் புளி கூடச் சேர்ப்பார்கள். படிகாரம் சேர்த்தால் ஒரு சிவப்பு, இரும்பு சேர்த்தால் அதுவே இருண்டு கத்திரிப்பூப் பக்கம் போகும்.

பளிச்சென்ற ரோஸ், கிளிப்பச்சை எல்லாம் ரசாயனச் சாயம். லாவோ பெண்களுக்கே கல்யாணத்துக்கு அந்த நிறங்கள் பிடிக்கும், அதில் குறையொன்றும் இல்லை. "இது எதில் எடுத்த நிறம்?" என்று கேளுங்கள். சாயம் போட்டவர் செடியின் பேரைச் சொல்வார், முடிந்தால் கொல்லைப்புறம் கூட்டிப்போய்ச் செடியையே காட்டுவார். "நேச்சுரல், நேச்சுரல்" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னால் ரசாயன விலைக்குப் பேசுங்கள். ஈரக் கைக்குட்டையால் தேய்த்து நிறம் ஒட்டுகிறதா என்று பார்ப்பது இதற்கு உதவாது. நல்ல அவுரி கூடத்தான் ஒட்டும்.

கேள்வி: கடை ஏறி இறங்குவதில் எனக்கு ஆர்வம் இல்லை. நெசவைப் பார்க்க வேண்டும், முடிந்தால் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கே போகலாம்?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, மதுரை

பதில்: அம்மா, உங்களுக்கு லுவாங் பிரபாங்தான் சரி. ஓக் பாப் டோக் என்று ஒரு நிறுவனம், 2000இல் ஒரு லாவோ பெண்ணும் ஆங்கிலேயப் பெண்ணும் சேர்ந்து ஆரம்பித்தது. பெயருக்குக் கிழக்கும் மேற்கும் சந்திப்பது என்று பொருள். மேகாங் ஆற்றங்கரையில் அவர்களுடைய பயிலகம் இருக்கிறது. அரை நாளில் இருந்து சாயம் போடுதல், நெசவு வகுப்புகள் உண்டு. நாமே நெய்ததைக் கையோடு கொண்டுவரலாம். முன்பதிவு செய்துவிட்டுப் போங்கள்.

வகுப்புக்கு முன்பே நகரத்துக்குள் இருக்கும் மரபுக் கலை, இனவியல் மையத்தைப் பார்த்துவிடுவது நல்லது. சிறிய அருங்காட்சியகம்தான். எந்த மக்கள் எந்தத் துணி உடுத்துகிறார்கள் என்று ஒரு மணி நேரத்தில் கண் பழகிவிடும். 2019இல் லாவோஸின் சிறு இனக்குழுவான ஓமா மக்களின் பூ வேலை டிசைனை ஒரு இத்தாலிய ஆடை நிறுவனம் கேட்காமல் அச்சிட்டு விற்றதாகப் பகிரங்கமாகக் குரல் எழுப்பியது இந்த மையம்தான்.

சற்று வெளியே சாங் கோங் கிராமத்தில் தறிகளோடு கையால் செய்யும் காகிதமும் பார்க்கலாம். பானோம் கிராமம் தாய் லூ என்ற இனத்து நெசவாளர்களுடையது, ஒரு காலத்தில் அரண்மனைக்கு நெய்து கொடுத்தவர்கள். இப்போது அங்கே விற்பனைக் கூடம்தான் பிரதானம், ஆலைச் சரக்கும் கலந்திருக்கும்.

வியன்டியானுக்கு 2021 டிசம்பரில் இருந்து ரயில் ஓடுகிறது, இரண்டு மணி நேரம்தான். அங்கே கரோல் காசிடி என்ற அமெரிக்க நெசவுக் கலைஞர் 1990இல் தொடங்கிய லாவோ டெக்ஸ்டைல்ஸ் இருக்கிறது. விலை உச்சத்தில் இருக்கும், பார்ப்பதற்காகவே போகலாம்.

உடம்பு ஒத்துழைத்தால் சியங் குவாங் மாகாணமும் போய் வாருங்கள். கொம்மலி சந்தாவோங் அம்மையாரின் பட்டுப் பண்ணை அங்கே இருக்கிறது. போரில் சிறுமியாக ஊரைவிட்டு ஓடிவந்தவர். 1976இல் தன் சேமிப்பில் தறிகள் வாங்கி, தன்னைப் போல இடம்பெயர்ந்த பெண்களைச் சேர்த்து நெசவைத் தொடங்கினார். 2015இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது. முசுக்கொட்டைத் தோட்டத்தில் இருந்து தறி வரை ஒரே இடத்தில் பார்த்துவிடலாம்.

கேள்வி: லாவோ பாவாடைத் துணி வாங்கி இங்கே ரவிக்கை தைக்கலாமா?
— ஒரு வாசகி, சேலம்

பதில்: தைக்கலாம், ஆனால் வெட்டுவதற்கு முன் எதை வெட்டுகிறோம் என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்தப் பாவாடைக்குச் சின் என்று பெயர். நம் புடவைக்குத் தலைப்பு இருக்கிற மாதிரி சின்னுக்குத் தலை, உடல், பாதம் என்று மூன்று பாகம். பாதம் என்பது கீழ்க்கரை. பழைய முறையில் அதைத் தனியாக நெய்து உடலோடு சேர்த்துத் தைப்பார்கள், நம் கோர்வைக் கரை போலத் தறியிலேயே இணைப்பது கிடையாது. வேலைப்பாடு அதிகம் அதில்தான். உடல் நைந்துபோனால் பாதத்தைப் பிரித்துப் புதுத் துணியில் வைத்துக்கொள்வார்கள்.

டிசைன்களும் நமக்குப் பழக்கமானவை. ஹாங் என்கிற பறவை நம் அன்னப்பட்சிதான், ஹம்ச என்ற சொல்லில் இருந்து போன பெயர். யானைத் தலையும் சிங்க உடலுமான சீஹோவைப் பார்த்தால் நம் கோயில் யாளி நினைவுக்கு வரும். எல்லாவற்றுக்கும் மேலே நாகம். நாக உரு நெய்யும் கலையை 2023இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

ரவிக்கைக்கு உடல் பகுதி மட்டும் சாதாரணமாக நெய்த துணியாகப் பார்த்து வாங்குங்கள். பூ வேலை நெருக்கமாக இருந்தால் பின்பக்க இழைகள் வளையலில் மாட்டி இழுபடும், கட்டாயம் லைனிங் வேண்டும். என்னைக் கேட்டால், சின்னாகவே தைத்து அங்கேயே உடுத்துங்கள். உள்ளூர்த் தையல்காரர்கள் சீக்கிரமே தைத்துக் கொடுப்பார்கள், கோயிலுக்குப் போகவும் பொருத்தமான உடை. தங்க நிறச் சரிகையை மட்டும் மதிப்பில் சேர்க்காதீர்கள், பழைய பட்டுப்புடவை வாங்குகிறவரிடம் போட்டுக் காசாக்குகிற சரக்கு இல்லை அது.

கேள்வி: நூறு வருடப் பழைய துணி என்று ஒன்றைக் காட்டினார்கள். வாங்கியிருக்கலாமோ என்று இப்போது வருத்தமாக இருக்கிறது.
— ஒரு வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: வருத்தப்படாதீர்கள். ஹுவாபன் மாகாணத்தின் சாம் நுவா, சாம் தாய் பக்கத்துப் பழைய துணிகள் உலகச் சேகரிப்பாளர்கள் தேடுகிறவை. பூசாரிகள் சடங்குக்குத் தோளில் போட்டவை, சவப்பெட்டி மேல் போர்த்தியவை எல்லாம் அதில் உண்டு. பெயர் இருக்கிற இடத்தில் போலியும் இருக்கும். புதுத் துணியைப் புகையில் காட்டி, வெயிலில் வெளுக்கவைத்துப் பழசாக்கி விற்பார்கள். மடிப்பு ஓரத்திலும் இடுப்பில் கட்டும் இடத்திலும் தேய்மானம் கூடுதலாக இருந்தால் யாரோ உடுத்தியது. எல்லா இடமும் ஒரே அளவில் மங்கியிருந்தால் யாரோ தயாரித்தது. நிஜமாகவே பழசு என்றால் நாட்டைவிட்டுக் கொண்டுவர அனுமதிக் காகிதம் வேண்டும், அதை எந்தச் சந்தைக் கடைக்காரரும் தானாகச் சொல்ல மாட்டார். அதே ஊர்க்காரர்கள் இன்றைக்கும் நெய்கிறார்கள். அந்தக் காசுக்குப் புதிதாக, நெய்தவர் யார் என்று தெரிந்து வாங்கலாம்.

கேள்வி: வாங்கிவந்த அவுரி நீலத் துண்டைத் துவைத்தேன், வாளி முழுக்க நீலம். போலியா?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: போலி என்று சொல்ல முடியாது. அவுரி முதல் சில அலசலில் மிச்சச் சாயத்தை விடும். தனியாக, குளிர்ந்த நீரில், துளி ஷாம்பூ விட்டு அலசி, முறுக்காமல் நிழலில் காயப்போடுங்கள். நாலைந்து அலசலுக்குப் பிறகும் வாளி அதே நீலமாக இருந்தால் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று பொருள். அதுவரை வெள்ளைச் சட்டை மேல் போடாதீர்கள்.