மற்றவர்களுக்காக வேண்டிக்கொள்வதால் அவர்களோடு உள்ள உறவு மாறுமா?

மாறும் என்றுதான் சொல்வேன்.

நாம் வேண்டுவதால் அவருக்கு நல்லது நடக்கிறதா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவில் அதைப் பெரிய அளவில் சோதித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். இதய பைபாஸ் அறுவை சிகிச்சைக்கு வந்த 1802 பேரில் ஒரு பகுதியினருக்காக முன்பின் தெரியாதவர்கள் ஜெபித்தார்கள். குணமாவதில் பலன் எதுவும் தெரியவில்லை. "உங்களுக்காக ஜெபிக்கிறார்கள்" என்று உறுதியாகச் சொல்லப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்குச் சிக்கல்கள் வந்தன. மற்றவர்களைவிட அது கூடுதல். அதனால் யாருக்காக வேண்டுகிறேனோ, அவரிடம் போய் நான் சொல்வதில்லை. மனஸ்தாபம் இருக்கும் இடத்தில் "உனக்காகத்தான் வேண்டிக்கிறேன்" என்றால் குத்திக்காட்டுவது போலத்தான் கேட்கும்.

சரி, உறவுக்கு வருகிறேன். என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், நான் தயாரித்த அறிக்கைகளைத் தன் பெயரில் மேலாளருக்கு அனுப்பிவிடுவார். கேட்டால் சிரிப்பார். அவர் குரலைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்காக வேண்ட உட்கார்ந்தபோது முதலில் வாயில் வந்தது, "கடவுளே, இந்த ஆளுக்கு நல்ல புத்தியைக் கொடு." அது புகார் மனு. "என் வீட்டுக்காரர் கோபம் குறையட்டும்", "மருமகள் அனுசரித்துப் போகட்டும்" எல்லாம் இந்த ரகம்தான். நமக்கு வேண்டியதை அவர் பெயரில் கேட்கிறோம்.

புகாரை ஒதுக்கிவிட்டு அவருக்கு என்ன தேவை என்று யோசித்தால், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்து மேசைக்காரர், ஆனால் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. அப்புறம்தான் கவனித்தேன். பிற்பகலில் போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போவார். "மாத்திரை போட்டாச்சா? யார் வந்தாலும் கதவைத் திறக்காதே" என்று தணிந்த குரலில் பேசுவார். ஒருநாள் விசாரித்தேன். அம்மாவுக்கு ஞாபகமறதி முற்றிவிட்டதாம், பகலில் தனியாக இருக்கிறாராம். அதற்குமேல் வேண்டுவதற்கு விஷயம் கிடைத்தது, "அம்மா எப்படி இருக்காங்க?" என்று தொடங்கிப் பேசவும் ஒரு வழி கிடைத்தது.

அறிக்கை விவகாரத்தை அவரிடம் நேராகவே பேசினேன். பழைய சூட்டோடு பேசியிருந்தால் கைகலப்பில் முடிந்திருக்கும். அவர் அடியோடு மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். முக்கியமான கோப்பு என்றால் இப்போதும் மேலாளருக்கும் நானே ஒரு நகல் அனுப்பிவிடுவேன்!

கோபம் தணிவது என் கற்பனையும் இல்லை. 2011-இல் வெளியான ஓர் உளவியல் ஆய்வில், வேண்டுமென்றே சீண்டிக் கோபமூட்டப்பட்டவர்களில் சிலரைப் பிறருக்காக ஜெபிக்கச் சொன்னார்கள், சிலரைப் பிறரைப் பற்றி வெறுமனே நினைக்கச் சொன்னார்கள். ஜெபித்தவர்களிடம் கோபம் குறைவாக இருந்தது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் பௌத்தர்களின் மைத்ரி தியானத்தைப் பார்க்கலாம். அதில் முதலில் தனக்கு, பிறகு வேண்டியவருக்கு, பிறகு விருப்பு வெறுப்பில்லாத ஒருவருக்கு நல்லது நினைப்பார்கள். ஆகாதவர் அதற்குப் பிறகுதான் வருவார். எடுத்த எடுப்பிலேயே ஆகாதவரில் கைவைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கும்.

அடிக்கிறவர், மிரட்டுகிறவர் என்றால் மட்டும் கதை வேறு. அங்கே முதலில் விலகிப் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், உதவி கேளுங்கள். வேண்டுவதைத் தூரத்தில் இருந்தும் செய்யலாம். மனம் வராவிட்டால் செய்யாமலும் இருக்கலாம்.