மூணாறு ஹை ரேஞ்ச் கிளப்பின் பழைய பாருக்குப் போயிருக்கிறீர்களா? பார்க்க வேண்டிய இடமா?

போயிருக்கிறேன். கட்டாயம் பார்க்க வேண்டிய இடம். மூணாறு எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நினைத்த நேரத்தில் நுழைந்து ஆர்டர் கொடுக்கிற ஹோட்டல் பார் இல்லை இது. தேயிலைத் தோட்டத் துரைமாருக்காக உண்டான, நூறு வருஷத்துக்கும் மேல் பழைய கிளப். உறுப்பினர் யாராவது விருந்தாளியாகக் கூட்டிப்போக வேண்டும், இல்லையென்றால் அங்கேயே அறை எடுத்துத் தங்க வேண்டும். எதுவானாலும் முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். என்னைக் கூட்டிப்போனவன் என் பள்ளித் தோழன், இப்போது எஸ்டேட் நிர்வாகத்தில் இருக்கிறான். "காலர் சட்டை, ஷூ. செருப்போட வந்து நிக்காதடா" என்று முந்தின நாளே சொல்லிவிட்டான்.

உள்ளே மரப் பலகை வேய்ந்த சுவர்கள், பழைய நாற்காலிகள், வேட்டையாடிய விலங்குகளின் தலைகள். எல்லாரும் பார்க்க வருவது தொப்பிகளைத்தான். ஹை ரேஞ்சில், அதாவது இந்த மூணாறு மலைப்பகுதியில், 30 வருஷம் வேலை பார்த்து முடித்த தோட்டத் துரைமாரின் தொப்பிகளைச் சுவரில் வரிசையாக மாட்டி வைத்திருக்கிறார்கள். வெயிலும் மழையும் பட்டு நிறம் போன தொப்பிகள். அதன் கீழே உட்கார்ந்து நான் ஒரு ரம் வாங்கினேன். குடிப்பதை விட்டுவிட்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தேன்.

30 வருஷம் இந்த மலையில் இருப்பது சின்ன விஷயம் இல்லை. 1877இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜே.டி. மன்றோ என்ற வெள்ளைக்காரர் மூணாறைச் சுற்றியுள்ள கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு வாங்கியபோது இங்கே சாலை கிடையாது. அப்புறம் வந்த குண்டளை ரயில் 1924 வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போனது. தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து ரோப்வேயில் கீழே இறங்கி போடிக்குப் போயின. அட்டைக்கடி, குளிர், காய்ச்சல் எல்லாவற்றையும் தாங்கி நின்றவர்களை மதித்து ஒரு தொப்பியை மாட்டி வைப்பது நல்ல வழக்கம் என்றுதான் நினைக்கிறேன்.

ஆனால் என் அப்பத்தாவும் அதே மலையில் முப்பது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்தவர். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து, ஆள் சேர்த்துக் கூட்டிவந்த கங்காணியோடு வந்த குடும்பம். அப்பத்தா தலையில் போட்டிருந்த கொங்காணிச் சாக்கும் இதே மழையில்தான் நனைந்தது. எங்கள் ஆட்கள் ஓய்வு பெற்றால், வீட்டில் வேறு யாரும் தோட்டத்தில் வேலைக்கு இல்லாத பட்சத்தில் லயத்தைக் காலி செய்ய வேண்டும். அந்தச் சுவரைப் பார்க்கும்போது இது நினைவுக்கு வராமல் இருக்காது. வர வேண்டும் என்றும் நினைக்கிறேன்.

அந்த அறைக்குப் பெயரே 'மென்ஸ் பார்'. இந்த மலையின் வருமானம் பெரும்பாலும் பெண்களின் விரல் வழியாக வந்தது. 2015 செப்டம்பரில் தொழிற்சங்கத் தலைவர்களை ஒதுக்கி வைத்துவிட்டு மூணாறு சாலையில் உட்கார்ந்து 20 சதவீத போனஸை வாங்கியவர்களும் அவர்கள்தான். பெம்பிளை ஒருமை என்ற பெயர் அப்போது கேரளம் முழுக்கத் தெரிந்தது. கோஷம் போட்டவர்களில் பெரும்பாலோர் எங்கள் தமிழ்ப் பெண்கள்.

சரி, விலங்குத் தலைகள். என் தோழனுக்கு அவை பிடிக்காது, எனக்கும் பார்க்கச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அதில் இன்னொரு கதையும் உண்டு. வேட்டைக்காரத் துரைமார் 1928இல் வேட்டை விலங்குகளைப் பாதுகாக்க ஒரு சங்கம் வைத்தார்கள். தங்கள் வேட்டைக்காகவே இரவிகுளத்தின் புல்மேட்டைத் தேயிலை போடாமல் விட்டு வைத்தார்கள். காவலுக்கு இந்த மலையின் பழங்குடிகளான முதுவர்களை வைத்தார்கள். அந்த இடம்தான் 1975இல் சரணாலயம் ஆனது, 1978இல் தேசியப் பூங்கா ஆனது. இன்றைக்கு அந்தப் பூங்காவின் ராஜமலையில் நீங்கள் பக்கத்தில் நின்று படம் எடுக்கிற வரையாடு தப்பிப் பிழைத்ததில் முதுவக் காவலர்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது. அவர்கள் பெயர்களையும் எங்காவது எழுதி வைக்க வேண்டும் என்பது என் ஆசை.

பாரில் பரிமாறிய பெரியவர் நான் பேசிய தமிழைக் கேட்டதுமே, "தம்பி எந்த டிவிஷன்?" என்றார். எஸ்டேட்டின் எந்தப் பிரிவு என்று அர்த்தம், எங்கள் ஊரில் பெயருக்கு முன்னால் கேட்கிற கேள்வி அது. சொன்னேன். அப்பத்தாவின் கங்காணி குடும்பம் வரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. யார் இப்போது திருப்பூர் போய்விட்டார்கள், யார் பிள்ளை நர்ஸாக இருக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தார். உங்களுக்கும் அப்படி ஒருவர் கிடைத்தால் பேச்சுக் கொடுங்கள். சுவரில் இல்லாத பாதிக் கதை அவர்களிடம் இருக்கிறது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். கேரளத்தில் மது வாங்க 23 வயது ஆகியிருக்க வேண்டும். மாதத்தின் முதல் தேதி மது விற்காத உலர் நாள், அன்றைக்குப் போய் ஏமாறாதீர்கள். முடிந்தால் பொழுது சாய்வதற்கு முன்பே போய்விடுங்கள், கோல்ஃப் மைதானத்தையும் ஆற்றையும் வெளிச்சத்தில் பார்க்கலாம். மேஜையில் உட்கார்ந்து போனில் சத்தமாகப் பேசாதீர்கள், மற்ற உறுப்பினர்களிடம் கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

கிளப்புக்குள் போக வழி கிடைக்கவில்லை என்றால் வருத்தப்பட வேண்டாம். நல்லதண்ணியில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்துக்கு யாரும் போகலாம். குண்டளை ரயிலின் சக்கரம் ஒன்று அங்கே இருக்கிறது. நாசரேத் தொழிற்பள்ளியில் 1913இல் செய்த கருங்கல் சூரியக் கடிகாரமும் இருக்கிறது. நம் திருநெல்வேலிச் சீமைக்காரர்களின் கைவேலை. திங்கட்கிழமை மட்டும் விடுமுறை.